அரைப் பேர்

அத்தியாயம் பதினொன்று

"சேர், பாஸ் பண்ணுனா எங்க போறது?"

அப்போது ஊர்மிளாவுக்குப் பத்து வயது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில், ஐந்தாம் வகுப்பு வாங்கில், அவளுக்குப் பக்கத்தில் இருந்த ஜீவராணிதான் எழுந்து நின்று அதைக் கேட்டாள். புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது. கரும்பலகைக்கு முன்னால் நின்றவர் ஊர்மிளாவின் அப்பா, குணரத்தினம் மாஸ்டர்.

அது விளையாட்டுக் கேள்வி இல்லை. அந்தப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேலே தேயிலை மலைதான் இருந்தது.

"முதல்ல பாஸ் பண்ணு. பிறகு பாப்பம்," என்றார் அப்பா.

ஜீவராணி பாஸ் பண்ணினாள். பிறகு ஒருவரும் பார்க்கவில்லை. மாஸ்டரின் மகளை ரயில் ஏற்றி ஹட்டனுக்கு அனுப்பிப் படிப்பித்தார்கள். ஜீவராணி சில வருஷம் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு லயத்து வீட்டு வாசலில் நின்றாள். வயது வந்ததும் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டினாள்.

முப்பத்தேழு வருஷத்துக்குப் பிறகு, இன்று விடிகாலையில், சாமி விளக்கை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஊர்மிளாவுக்கு அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது. ஏன் வந்தது என்று அவளுக்குத் தெரியும். சாப்பாட்டு மேசையில் ஒரு நீள உறை மூன்று நாளாகக் கிடந்தது.

கொழும்பிலிருந்து தம்பி கஜேந்திரன் அனுப்பியது அது. உள்ளே அவன் மகன் மயூரதனின் பல்கலைக்கழக விண்ணப்பம். எல்லாப் பக்கமும் நிரப்பி, கையெழுத்தும் வைத்தாயிற்று. ஒரு பெட்டி மட்டும் வெறுமையாக இருந்தது. மாணவர் இந்தப் பாடசாலையில் கற்ற காலம். அதன் கீழே அதிபரின் ஒப்பம்.

பாடசாலை அதிபர் நெஞ்சுவலியென்று கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனது திங்கட்கிழமை. அன்றிலிருந்து அந்த ஒப்பம் துணை அதிபரான ஊர்மிளாவுடையது.

குணரத்தினம் திருநீறு பூசிக்கொண்டு வந்து மேசையில் உட்கார்ந்தார். தேநீரை எடுத்தார். உறையைப் பார்த்தார்.

"இண்டைக்குத்தான் கடைசி நாள், பிள்ளை. மறந்து போடாத."

"மறக்கேல்லை அப்பா."

"பின்னை ஏன் உந்தப் பெட்டியை இன்னும் வெறுமையா வைச்சிருக்கிறாய்?"

ஊர்மிளா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கஜேந்திரன் வந்து, அக்கா, ஒரு உதவி என்று கேட்டான். கொழும்பில் போட்டி அதிகம். பொறியியலுக்கு அங்கே வேண்டிய புள்ளி வானத்தில் நிற்கும். நுவரெலியா மாவட்டத்தில் அவ்வளவு வேண்டாம். இங்கே பாடசாலைகளில் ஆசிரியரும் குறைவு, ஆய்வுகூடமும் குறைவு என்பதால் பிள்ளைகளுக்குக் காட்டும் சலுகை அது. இங்கேயே மூன்று வருஷம் படித்த பிள்ளைகளுக்கு.

துணை அதிபராக இருந்த ஊர்மிளா சேர்வுப் பதிவேட்டில் மயூரதனின் பெயரைத் தன் கையாலேயே எழுதினாள். பெயர்தானே என்று நினைத்தாள். பெயர் இங்கே இருந்தது. பையன் வெள்ளவத்தையில் இருந்து அங்கேயே வகுப்புகளுக்குப் போனான். இடைக்கிடை வந்து முகம் காட்டினான். சோதனையை மட்டும் இங்கே எழுதினான்.

"உனக்கு என்ன யோசினை எண்டு எனக்கு விளங்குது," என்றார் குணரத்தினம். "நான் எழுபத்து மூண்டில சோதினை எழுதினனான். மூண்டு நாலு வருசம் முந்தி எழுதியிருந்தா அந்த மார்க்குக்குப் பேராதனை. என்ஜினியர். முதல்ல மொழியைப் பாத்து வெட்டினாங்கள். பிறகு தரப்படுத்தல் எண்டாங்கள். பிறகு மாவட்டம் எண்டாங்கள். யாழ்ப்பாணத்தான் எண்டபடியா நான் வெளியில. மாவட்டக் கணக்கு என்னட்டை இருந்து ஒரு இடத்தைப் பறிச்சது. இப்ப அதே கணக்கு என்ர பேரனுக்கு ஒண்டைத் திருப்பித் தருகுது. இதில என்ன பிழை?"

அவர் குரல் உயரவில்லை. ஐம்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி வழுவழுப்பான கதை அது. ஆனாலும் கோப்பை தட்டில் உரசியது.

"உங்கட இடத்தைப் பறிச்சது இந்தத் தோட்டத்துப் பிள்ளையள் இல்லையே, அப்பா."

குணரத்தினம் தேநீரைக் கலக்கினார். சீனி எப்போதோ கரைந்திருந்தது.

"பின்னேரம் தம்பி கோல் எடுப்பான். நான் என்ன சொல்லுறது?"

"என்னோட கதைக்கச் சொல்லுங்கோ."

உறையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு அவள் புறப்பட்டாள். அப்பாமீது அவளுக்குக் கோபம் இல்லை. ஒரு சட்டம் அவருக்குக் கதவை அடைத்தது உண்மை. பின்தங்கிய மாவட்டங்களுக்கு அதே சட்டம் ஒரு கதவைத் திறந்ததாகச் சொன்னார்கள். அந்தக் கதவுக்குப் போகிற படிக்கட்டு இந்த மலையில் ஐந்தாம் வகுப்போடு நின்றிருந்தது. படி கட்டி முடிக்க இன்னும் ஒரு தலைமுறை போயிற்று. இப்போதுதான் ஒன்றிரண்டு பிள்ளைகள் மேலே ஏறி வருகிறார்கள்.

பாடசாலை றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே பத்து நிமிட ஏற்றத்தில் இருந்தது. இரவு முழுதும் மழை. அலுவலகத் தகரக் கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகி, பொன்னையா இரண்டு வாளி வைத்திருந்தார். ஐம்பத்தெட்டு வயதான அலுவலகப் பியூன். ஆளுக்குப் பேச்சுத்தான் சம்பளம்.

"புதுசா சீர்திருத்தம் வருதாமே மெடம். பேப்பர்ல போட்டிருக்கு. நானும் முப்பது வருசமாப் பாக்கிறேன், ஒவ்வொரு மினிஸ்டருக்கும் ஒரு சீர்திருத்தம். ஆனா இந்தத் தகரத்தை மட்டும் ஒருத்தரும் திருத்த மாட்டேங்கிறாங்க."

ஊர்மிளா சிரித்தாள். பிறகு அலுமாரியைத் திறந்து, உயர்தர கணிதப் பிரிவின் வரவுப் பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினாள்.

வகுப்பாசிரியர் நேர்மையான மனிதர். வராத நாளை வந்த நாளாக அவர் போடவில்லை. பையன் துணை அதிபரின் மருமகன் என்பதால் வாயைத் திறக்கவும் இல்லை. மயூரதனின் பெயருக்கு நேரே சிவப்புக் கோடுகள் வரிசையாகப் போயின. மூன்று வருஷத்தில் அவன் வந்த நாள் முப்பத்தேழு.

இரண்டாம் முறை எண்ணினாள். அதே முப்பத்தேழு.

பதினொன்றரைக்கு வாசலில் ஓர் ஆள் நிழல் நின்றது.

"டீச்சர், உள்ள வரலாங்களா?"

ஜீவராணி. மழைக்கு இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. மலையிலிருந்து நேரே வந்திருக்கிறாள்.

"வா ஜீவா. செருப்போடயே வா."

"வேணாங்க, ஒரே சேறு." செருப்பை வெளியே விட்டு, படியோடு ஒட்டி நின்றாள். "மக லோஜினிக்கு ஒரு லீவிங் சேர்ட்டிபிகேட் வேணுமாங்க. ஹட்டன்ல பாமசியில வேலைக்கு எடுக்கிறாங்க. திங்கக்கெழம வரச் சொல்லிட்டாங்க."

"பாமசிக்கா? கெம்பஸுக்குப் போட்டாளே."

"ஒன்லைன்ல போட்டா. அது கெடக்கட்டும் டீச்சர். அதான் பெயிலாப் போச்சே."

"யாரு சொன்னா பெயில்னு? மூணு பாடமும் நல்ல பாஸ். நம்ம ஸ்கூல்லயே கணக்குப் பிரிவுல அவதான்..."

முதல் என்று சொல்ல வந்த வாய் நின்றது. பட்டியலில் முதல் பெயர் மயூரதனுடையது. லோஜினி இரண்டாவது.

ஜீவராணி அதைக் கவனிக்கவில்லை. "பாஸ்தாங்க. ஆனா வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் பத்தலையாம். தோட்டத்துக் கண்டாக்கையா மகன் போன்ல பாத்துச் சொன்னாரு. போன வருசம் நம்ம மாவட்டத்துக்கு இவ்வளவுன்னு இருக்காம், இவளுக்கு அதுக்குக் கீழ. புள்ள ரெண்டு நாளா சோறே திங்கல. அப்புறம் பிரிண்ட் எடுத்த ஃபார்மை மடிச்சு சாமி படத்துக்குப் பின்னால சொருகிட்டா."

"தபால்ல அனுப்பலயா?"

"பெயிலானதுக்கு எதுக்குங்க முத்திரைச் செலவு?"

ஊர்மிளா நாற்காலியை விட்டு எழுந்து வந்தாள்.

"ஜீவா, வெட்டுப்புள்ளி பாஸ் மார்க் இல்ல. ஒரு பஸ்ஸுல நாப்பது சீட்டுன்னு வச்சுக்க. கியூவுல நாப்பதாவதா நின்னு கடைசியா ஏறுன ஆளோட புள்ளிதான் வெட்டுப்புள்ளி. போன வருசம் கியூவுல நின்னவங்க வேற. இந்த வருசம் நிக்கிறவங்க வேற."

"அப்ப இந்த வருசம் எவ்வளவு?"

"அது இன்னும் யாருக்கும் தெரியாது. எல்லா ஃபார்மும் போனப்புறம்தான் தெரியும். கூடலாம், கொறையலாம். லோஜினிக்குக் கெடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா கியூவுல நிக்காத ஆள் ஏறவே முடியாது."

ஜீவராணி யோசித்தாள். அவள் யோசிப்பதைப் பார்க்கும்போது, ஐந்தாம் வகுப்பு வாங்கில் பெருக்கல் கணக்குக்கு முந்திக் கை தூக்கிய பிள்ளை தெரிந்தாள்.

"அப்ப கியூவுல யாராச்சும் நடுவுல பூந்துட்டா, கடைசியில நிக்கிறவ எறங்கணுங்க."

"ஆமா."

"பெரட்டுலயும் அப்புடித்தானே." காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டை நினைத்து ஜீவராணி சிரித்தாள். "மலைப்பக்கமே வராத ஆளுக்கெல்லாம் செக்ரோல்ல பேர் விழுகும். கேட்டா, கண்டாக்கையாவுக்குச் சொந்தம்பாங்க."

அவள் சும்மா சொன்னதுதான். வரவுப் பதிவேடு மேசையில் விரித்தபடி கிடந்தது. ஊர்மிளா அதை மெல்ல மூடினாள்.

"இன்னைக்குத்தான் கடைசி நாள் ஜீவா. லோஜினிய ஃபார்மோட ஒரு மணிக்குள்ள இங்க அனுப்பு."

"நான் இப்பப் போய்ச் சொல்லி அனுப்பிட்டு மலைக்குத் திரும்புனா அரைப் பேர்தான் போடுவாங்க." தலைத் துணியை இறுக்கிக் கட்டினாள். "போவுது. எனக்கு அரைப் பேர் என்ன புதுசா?"

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். அரை நாளுக்கு அரைப் பேர்.

"அன்னைக்கும் ஒனக்கு அரைப் பேர்தானே," என்றாள் ஊர்மிளா.

"என்னைக்கு?"

"ரயில் வராத அன்னைக்கு."

ஜீவராணிக்கு ஒரு நிமிடம் பிடித்தது. "அட, அத இன்னுமா ஞாபகம் வச்சிருக்கே? நீ அழுத அழுகைக்கு..." நாக்கைக் கடித்துக்கொண்டாள். "டீச்சர் அழுத அழுகைக்கு ஸ்டேஷன் மாஸ்டரே பயந்துட்டாரு."

சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். உதவி செய்தவர்களுக்கு அது இப்படித்தான் ஒரு நாள் கதையாகிவிடுகிறது. உதவி பெற்றவர்களுக்கு அப்படி ஆவதில்லை.

ரயில் வராத அந்த நாள், ஊர்மிளாவின் உயர்தரப் பரீட்சையில் தூய கணிதத்தின் முதல் நாள். அப்பா வேறு ஊரில் பரீட்சை மேற்பார்வைக்குப் போயிருந்தார். அம்மா காய்ச்சலில் கிடந்தார். வட்டவளைப் பக்கம் மண் சரிந்து காலை ரயில் வரவில்லை. ரோட்டிலும் மரம் விழுந்திருந்தது. றொசல்ல ஸ்டேஷன் மேடையில் உட்கார்ந்து அழுத பதினெட்டு வயது ஊர்மிளாவை, பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஜீவராணி கண்டாள்.

"அழுதா ரயில் வந்துருமா? எந்திரி. நடப்போம்."

இடுப்புப் படங்கைக் கழற்றி, அனுமதி அட்டை இருந்த பையைச் சுற்றிக் கட்டினாள். தான் நனைந்தாள். தண்டவாளம் வழியே ஒன்றரை மணித்தியாலம். இடையில் ஒரு பாலம். சிலிப்பர் கட்டைகளுக்கு நடுவே கீழே ஓடை தெரியும். ஊர்மிளாவுக்குக் கால் வரவில்லை.

"கீழ பாக்காத. என் முதுகப் பாத்துக்கிட்டே வா," என்றாள் ஜீவராணி.

மண்டபக் கதவை மூட ஐந்து நிமிடம் இருந்தது. ஊர்மிளா திரும்பிப் பார்த்தபோது ஜீவராணி போய்விட்டிருந்தாள். அன்றைக்கு அவளுக்கு அரைப் பேர் விழுந்ததும், கங்காணி வாய்க்கு வந்தபடி ஏசியதும், வெகுநாள் கழித்து வேறொருவர் சொல்லித்தான் தெரியவந்தது.

லோஜினி பன்னிரண்டே முக்காலுக்கு வந்தாள். மூச்சு வாங்கியது. விண்ணப்பத்தின் ஓரத்தில் விபூதியும் கொஞ்சம் ஊதுபத்திச் சாம்பலும் ஒட்டியிருந்தன. ஊர்மிளா துடைத்து, பெட்டியை நிரப்பினாள். முதலாம் வகுப்பிலிருந்து பதின்மூன்றாம் வகுப்புவரை இதே மாவட்டம். ஒப்பமிட்டு முத்திரை குத்தினாள்.

"மிஸ், கெடைக்குமா?"

"தெரியாதும்மா. அனுப்புனா ஒரு பதில் வரும். சாமி படத்துக்குப் பின்னால இருந்தா வராது."

லோஜினி வெட்கத்துடன் சிரித்தாள். பிறகு சொன்னாள். "மயூரதன் போட்டாச்சா மிஸ்? அவருக்குக் கெடைக்கும். நல்ல பையன். கொழும்புக் கிளாஸ்ல குடுக்கிற டியூட் பேப்பரெல்லாம் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவாரு. ரெண்டு வருசமா. பௌதிகவியல்ல எனக்கு இவ்வளவு வந்ததே அதாலதான்."

உறையை ஒட்டிக்கொண்டிருந்த ஊர்மிளா நிமிர்ந்தாள்.

"அவன் எனக்குச் சொல்லவே இல்லையே."

"யாருக்கும் சொல்லாதன்னாரு மிஸ்."

லோஜினி போனாள். பொன்னையா தபால் பையில் அவள் உறையைப் போட்டுக்கொண்டு ஒன்றரை மணி பஸ்ஸுக்கு இறங்கினார். மயூரதனின் விண்ணப்பம் மேசையில் இருந்தது. அதைக் கொடுக்க ஊர்மிளாவால் இன்னும் முடியவில்லை.

இப்போது அது முன்னைவிடக் கஷ்டமாகிவிட்டது. கெட்ட பிள்ளையென்றால் எழுதிவிடலாம். பெரியவர்கள் சேர்ந்து ஒரு பிழைக்குள் தள்ளிவிட்ட பிள்ளை, தன்னிடம் இருந்ததை இன்னொரு பிள்ளையோடு பகிர்ந்துகொண்டிருக்கிறான். அவன் பெயருக்கு நேரே அவள் என்ன எழுதுவாள்?

இரண்டு மணிக்குப் பொன்னையா திரும்பி வந்தார். பையும் அவரோடு வந்தது.

"வளைவுல மண்ணு எறங்கி ரோட்டை மூடிருச்சு மெடம். பஸ்ஸெல்லாம் அங்கனயே நிக்குது. பெக்கோ மிசின் வந்து மண்ணைத் தள்ளணுமாம். நாலரை, அஞ்சாகும். ரயிலுதான் கீழ பாதை ஒடைஞ்சு மூணு மாசமா இல்லையே." பையை மேசையில் வைத்தார். "நாளைக்குக் காலையில மொத வேலையாப் போட்டுர்றேன்."

"வச்சிட்டுப் போங்க அண்ணே. நான் பாத்துக்கிறேன்."

"கூரை ஒழுகினா வாளிய மாத்தி வைங்க," என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போனார்.

ஹட்டன் தபாலகத்தில் பதிவுத் தபால் நான்கு மணியோடு முடிந்துவிடும்.

ஊர்மிளா ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். முருகா என்று மட்டும் சொன்னாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு பேனாவை எடுத்தாள்.

மயூரதனின் விண்ணப்பத்தை அனுப்பாமல் வைத்துக்கொள்ளலாம். அது களவு. பொய் எழுதி அனுப்பலாம். அதுவும் களவுதான். பெட்டியில் அவன் சேர்ந்த திகதியை எழுதினாள். அடுத்து, சமுகமளித்த நாட்கள் முப்பத்தேழு என்று எழுதி ஒப்பமிட்டாள். ஒரு தனித் தாளில் நான்கு வரி எழுதி அதோடு இணைத்தாள். இந்த மாணவரைப் பாடசாலையில் சேர்த்தவர் நானே. அவர் என் சகோதரரின் மகன். இந்தப் பிழைக்குப் பொறுப்பு என்னுடையது, மாணவருடையது அல்ல. இவரைக் கொழும்பு மாவட்டப் பரீட்சார்த்தியாகக் கருதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அந்த நான்கு வரிக்கு விசாரணை வரலாம். இந்த நாற்காலி போகலாம். வேலையே போகலாம். விண்ணப்பத்தை உறைக்குள் வைத்து ஒட்டினாள்.

இரண்டு உறைகளையும் ஒரு பிளாஸ்டிக் கோப்புக்குள் வைத்தாள். அதை ஒரு பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அலுவலகத்தைப் பூட்டி, குடையை விரித்து, ஸ்டேஷன் பக்கம் இறங்கினாள். மணி இரண்டே கால்.

ஸ்டேஷனில் ஒருவரும் இல்லை. தண்டவாளம் துருப்பிடித்திருந்தது. சிலிப்பர்களுக்கு நடுவே புல் கணுக்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. மழை ஒரு சீராகப் பெய்தது. நாற்பத்தேழு வயதுக் கால்கள். முதல் வளைவிலேயே முழங்கால் முனகியது.

சைப்பிரஸ் மரங்களுக்கு அடியில் ஒரு சின்னப் பிள்ளையார். முன்னால் யாரோ வைத்த செவ்வந்தி நனைந்து கிடந்தது. நிற்காமல் ஒரு கையால் தலையில் குட்டிக்கொண்டு போனாள். பையில் போன் நடுங்கியது. நின்றது. மறுபடி நடுங்கியது. தம்பியாகத்தான் இருக்கும். அவள் எடுக்கவில்லை.

பாலம் வந்தது.

கட்டைகளுக்கு இடையில் ஓடை இன்று சேற்று நிறத்தில் பொங்கி ஓடியது. ஊர்மிளாவின் கால் நின்றுவிட்டது. அன்றைக்கு நின்ற அதே இடம். பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இல்லை. குடையை மடக்கினாள். கோப்பை இன்னும் இறுக்கி அணைத்தாள். முன்னால் பார்த்தாள். ஈரச் சட்டை ஒட்டிய ஒரு மெல்லிய முதுகு, பதினெட்டு வயதுப் பெண்ணின் முதுகு, முன்னால் போவதாக நினைத்துக்கொண்டாள். அதை மட்டும் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு கட்டையாக வைத்து நடந்தாள். அக்கரையில் கால் பட்டதும் குடையை மறுபடி விரித்தாள்.

ஹட்டன் தபாலகத்துக்குள் நுழைந்தபோது சுவர்க் கடிகாரத்தில் நான்குக்கு ஏழு நிமிடம் இருந்தது.

"மிஸ் நல்லா நனஞ்சிட்டீங்க நேத," என்றாள் கவுண்டரில் இருந்த சிங்களப் பெண்.

"உறை நனையலையே, பாருங்க."

"உறை ஹொந்தாய், நல்லா இருக்கு." அவள் இரண்டையும் தராசில் வைத்தாள். "அனுப்புறது யாரு? மிஸ்தானா?"

"இல்ல. அதுலயே பேர் இருக்கு."

முதல் பற்றுச்சீட்டில் அந்தப் பெண் லோஜினியின் பெயரை எழுதினாள். இரண்டாவதில் மயூரதனின் பெயரை. முத்திரை இரண்டு முறை விழுந்தது. ஒரே நாள், ஒரே சத்தம்.

வெளியே வந்து கடைத் தாழ்வாரத்தில் நின்று போனைப் பார்த்தாள். தம்பியின் அழைப்பு நான்கு. வீட்டிலிருந்து ஒன்று. அப்பா பகலில் அவளைக் கூப்பிடுவதே இல்லை. அதற்குக் கீழே மயூரதனின் செய்தி.

மாமி, என்ர ஃபோம் போட்டாச்சோ? போடாட்டி அனுப்ப முதல் நான் உங்களோட ஒரு விசயம் கதைக்கோணும். அப்பாக்குச் சொல்லாதேங்கோ.

இரண்டு முறை படித்தாள். போட்டாயிற்று. அவன் என்ன சொல்ல நினைத்தானோ, அதை இனி வேறு விதமாகத்தான் கேட்க வேண்டும். பதில் எழுத விரலை வைத்து, எடுத்துவிட்டாள். இரண்டு வரியில் எழுதக்கூடிய பதில் இல்லை அது.

ஐந்து மணிக்கு ரோடு திறந்தது. பஸ்ஸில் வந்து இறங்கி, வீட்டுக்குப் போகாமல் பாடசாலைக்கு ஏறினாள். யாரும் இல்லை. வாளி ஒன்று நிரம்பி வழிந்திருந்தது. ஊற்றிவிட்டு வைத்தாள். லோஜினியின் மாணவர் கோப்பைத் தேடி எடுத்து, பற்றுச்சீட்டை அதற்குள் சொருகினாள். பொன்னையா கொண்டுபோய்ப் போட்டார் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்ளட்டும். ரோடு எப்படியோ முந்தித் திறந்தது என்று பொன்னையா நினைத்துக்கொள்ளட்டும். கேட்டால் தபால் போய்விட்டது என்று சொன்னால் போதும்.

பாடசாலை விட்ட பிறகும் அதிபர் நாற்காலியில் இருப்பவர் மூன்றரைவரை அலுவலகத்தில் இருக்க வேண்டும். இன்று அவள் இருக்கவில்லை. கேட்பாரும் இல்லை. ஆனாலும் விடுமுறைப் பதிவேட்டை இழுத்துத் திறந்தாள். தன் பெயருக்கு நேரே அரைநாள் என்று எழுதினாள்.

காரணம் என்ற பத்தியில் பேனா சற்று நேரம் நின்றது.

சொந்த வேலை என்று எழுதி, மூடி வைத்து, விளக்கை அணைத்தாள்.